முள்ளெலியின் முகம்

மூன்று வருடங்களாக ஜெசிந்தா செம்மணல் தேரிக்காட்டுக்குப் போய் முள்ளெலியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கேமராவைத் தூக்கியதுமே அது பந்தாகச் சுருண்டுவிடும். அவள் எடுத்த அத்தனை படங்களிலும் முள் மட்டும்தான் இருந்தது. துணைக்கு வந்த தங்கை ரெமிலா ஒரு சாயங்காலம் போனில் எடுத்த படத்தில் அது மூக்கை நீட்டி நேராகப் பார்த்தது. புகைப்படக் கண்காட்சிக்கு அந்தப் படம்தான் தேர்வானது.

“எப்படிடி எடுத்த?”

“ஒண்ணுமே செய்யலக்கா. சும்மா உட்கார்ந்திருந்தேன். அதுவா வந்து பார்த்துச்சு.”

கண்காட்சியில் எல்லோரும் ரெமிலாவுக்குக் கை கொடுத்தார்கள். அவள் கைப்பையை ஜெசிந்தா பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவர் மட்டும் அந்த முள்ளெலியின் வளை எங்கே இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மருந்துக்காக முள்ளெலி பிடிப்பவர்கள் உண்டு என்பதால், இடத்தை யாருக்கும் சொல்வதில்லை என்று சகோதரிகள் பேசிவைத்திருந்தார்கள். ரெமிலா சிரித்து மழுப்பிவிட்டாள். அவர் கிளம்பியதும் ஜெசிந்தா வாசல்வரை பின்னாலேயே போய், பாழுங்கிணற்றுக்குத் தெற்கே உடைமரத்தடி என்று சொன்னாள்.

அடுத்த வாரம் இருவரும் போனபோது வளை மண்வெட்டியால் தோண்டப்பட்டுக் கிடந்தது. ரெமிலா செம்மணலில் உட்கார்ந்து அழுதாள்.

“நம்ம ரெண்டு பேருக்குத்தானக்கா தெரியும்? நீ சொல்லியிருக்க மாட்ட. நான்தான் பெருமையில யார்கிட்டயோ உளறியிருக்கேன்.”

ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“விடுடி,” என்றாள். “தெரியாமத்தானே சொல்லியிருப்ப.”