பிடுங்கிய கோழி

“அந்தக் கறிக்கடைக்காரரை நடுத்தெருவுல வெச்சே கேட்டுட்டேன்ப்பா!” மகள் பள்ளிப் பையைக்கூடக் கழற்றவில்லை.

வாட்ச் ரிப்பேர்காரருக்குத் திக்கென்றது. “என்னம்மா கேட்டே?”

“எங்க பஞ்சுவைப் பிடுங்கிட்டுப் போய் வெட்டினீங்களே, உங்களுக்கு மனசே கிடையாதான்னு.”

“அவர் என்ன சொன்னார்?”

“ஒண்ணும் சொல்லல. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டார்.”

அப்பாடா என்று அவருக்கு மூச்சு வந்தது. “அவருக்கு எல்லாக் கோழியும் ஒண்ணுதாம்மா. நான் வேணாம்னு எவ்வளவோ சொன்னேன், கேட்டாத்தானே?”

வாய் கூசாமல் பொய் சொன்னார். யாரும் பிடுங்கவில்லை.

முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும், குழந்தை மாதிரி பழகும் என்று விற்றவர் சொன்னதை நம்பி, முதல்முதலாகக் கோழி வளர்க்க இறங்கியவர் அவர். பஞ்சுவும் அப்படித்தான் பழகியது. அவர் குரல் கேட்டால் போதும், ஓடி வந்து பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

திடீரென்று அதற்கு இறகெல்லாம் கொட்டியது. முட்டையும் நின்றது. இனி இது தேறாது என்று அவராகவே முடிவுகட்டி, மகள் இல்லாத நேரம் பார்த்துக் கறிக்கடையில் கொடுத்துவிட்டார். கறி வீட்டுக்கு வந்தபோது மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். அவர் மட்டும் சாப்பிட்டார்.

மகள் அப்படிக் கேட்டுவிட்டு வந்தபின், சில மாதங்கள் அந்தக் கடைப் பக்கமே தலைகாட்டாமல் இருந்தார். கடைச் சுவர்க் கடிகாரம் நின்றுபோய், ஆள் விட்டுக் கூப்பிட்டதால் போக வேண்டியதாயிற்று.

ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார். “ஒண்ணுமில்ல, உள்ளே தூசி அடைச்சிருக்கு...”

பின்கட்டிலிருந்து படபடவென்று சத்தம். புது இறகு பளபளக்க ஒரு கோழி ஓடி வந்தது. ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அவர் மெல்ல இறங்கினார்.

“இது... பஞ்சுவா?”

கடைக்காரர் நெளிந்தார். “கத்தியை எடுத்தேன் சார். ஓடிப் போகாம, என் கால்மேல ஏறி உட்கார்ந்துக்கிச்சு. கை வரல. வெளியில சொன்னா சிரிப்பாங்க. அதான் வேற கறியைக் கொடுத்தனுப்பிட்டேன். இறகு முளைச்சதும் மறுபடி முட்டை போடுது.”

பஞ்சு இப்போது அவர் பாதத்தின்மேல் ஏறி, எதுவுமே நடக்காததுபோல் உட்கார்ந்துகொண்டது. அவர் குனிந்து அதன் இறகைத் தடவினார்.

“பாப்பா கேட்டப்பவே உண்மையைச் சொல்லியிருக்கலாமே...”

“எந்த உண்மையை சார்?”



கடைக்காரர் குனிந்து, கோழியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“வீட்டுக்குக் கொண்டுபோங்க. கடைக்காரன் வெட்டாம வெச்சிருந்தான், மனசு மாறித் திருப்பிக் கொடுத்துட்டான்னு சொல்லிடுங்க. நான் பிடுங்கினவனாவே இருந்துட்டுப் போறேன். நீங்க அவளுக்கு அப்பா.”