ஆக்கர்பி டவுனின் கடைசி ரசிகர்

டோரின் அழுதுகொண்டே ஜாடியின் மூடியைத் திருகினார். உள்ளே அவருடைய கணவர் வில்ஃப், சாம்பலாக இருந்தார்.

ஆக்கர்பி டவுன் கால்பந்துக் கிளப்பின் தலைவர் டெரக் ஓல்ராய்ட் தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். அவருடைய தாத்தா தொடங்கிய கிளப். அதன் கடைசி ஆட்டம் சற்றுமுன்தான் ஆறுக்குப் பூஜ்யம் என்று முடிந்திருந்தது. ஆறு எதிரணியுடையது.

மழைக்கு ஒதுங்கியவர்களையும் சேர்த்து ஒரு கூட்டம் வந்திருந்தது. மழை விட்டதும் கிளம்பிவிட்டது. திங்கட்கிழமை இடிக்க ஆள் வருகிறது. மைதானம் இருந்த இடத்தில் இனி சூப்பர் மார்க்கெட் இருக்கும்.

இத்தனை காலமும் வீண் இல்லை, இந்தக் கிளப்பை நேசித்த ஒரு ஜீவனாவது இருந்தது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது ஓல்ராய்டுக்கு. அதைச் சொல்ல வில்ஃபை விட்டால் ஆள் இல்லை. வில்ஃபும் போன மாதம் போய்விட்டார். எனவே, அவருடைய மனைவியாவது சொல்லட்டும்.

"எங்க தூவணும்னு ஆசைப்பட்டாருக்கா?" என்று கேட்டார் ஓல்ராய்ட்.

"பெனால்டி அடிக்கிற புள்ளியில."

"சரியான எடம்தான்" என்றான் புல்தரையைப் பார்த்துக்கொள்ளும் கென். "நம்ம பசங்க அங்கருந்து ஒண்ணையும் கரைசேத்ததில்ல. இவராவது போய்ச் சேரட்டும்."

"டேய், வாயை மூடு."

மௌன அஞ்சலி என்று தனியாக அறிவிக்கத் தேவை இருக்கவில்லை. சத்தம் போட அங்கே யாரும் இல்லை. ஓல்ராய்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்கப்பா கோச்சா இருந்தப்ப, பதினாறு வயசுல வில்ஃப் இங்க ஆட வந்தாரு. 'கோல்கீப்பருக்கு இதாடா உயரம்? போய் உங்கம்மாவுக்குப் பாத்திரம் தேய்ச்சுக் குடு'ன்னு எல்லார் முன்னாடியும் அப்பா வெரட்டிட்டாரு. வேற ஒருத்தனா இருந்தா இந்தத் திசைப்பக்கம் தலைவெச்சுப் படுத்திருப்பானா? இவரு அடுத்த சனிக்கிழமையே டிக்கெட் எடுத்து வந்து உக்காந்தாரு! அதுக்கப்புறம் ஒரு ஆட்டம் விடல."

"பொண்ணு கல்யாணத்தன்னிக்கும் வந்தாரு" என்றார் டோரின். "சர்ச்சுலருந்து நேரா இங்கதான்."

"கேட்டுக்க கென். இதுக்குப் பேர்தான் விசுவாசம்."

"ஆமா தலைவரே. நாலு கோல் வாங்கினாக்கூட மூஞ்சி சுளிக்க மாட்டாரு. ரசிச்சு ரசிச்சு டீ குடிப்பாரு மனுஷன்."

டோரின் ஜாடியைக் கவிழ்த்தார். பாதி வில்ஃப் புள்ளியில் விழுந்தார். மீதியைக் காற்று கென்னின் சட்டைக்குக் கொடுத்தது. அவன் தட்டிவிடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

"இன்னும் ஒரு மாசம் உசுரோட இருந்திருக்கக் கூடாதா!" என்று டோரின் விம்மினார்.

ஓல்ராய்டுக்கும் கண் நிறைந்துவிட்டது. டோரினின் தோளை மெல்லத் தொட்டார்.

"மனசத் தேத்திக்குங்கக்கா. கிளப்பை இழுத்து மூடறதப் பாக்காம அவரு போனதே நல்லது. தாங்கியிருக்க மாட்டாரு."

டோரின் அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதப் பாக்கத்தானேய்யா அம்பது வருஷமா வந்துக்கிட்டிருந்தாரு!"