ஒரு மெதுவடை, ஒரு மோட்டார்

"எங்க வீட்ல இருக்கறவளுக்கு முன்னேறணும்னு எண்ணமே கெடையாது சார். டச் ஸ்கிரீன் மாட்டி வெச்சிருக்கேன், ஒரு தபாவாவது தொட்டிருப்பாளா? இன்னும் சுவிட்சைக் கட்டிக்கினு அழுவறா."

பின்கட்டில் இருந்த என் மனைவி தேவகி காதில் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

வல்லரசு சிரித்தார். பொம்மையார்பாளையத்தில் கெஸ்ட் அவுஸ் வைத்திருப்பவர். பத்து ரூமுக்கும் இதே மாதிரி வேணுமென்று திண்டிவனம் வரை தேடி வந்திருக்கிறார். விடலாமா?

நான் டி.வி. மெக்கானிக். அதாவது, இருந்தேன். எல்.இ.டி. டி.வி. வந்ததும் கடையை மூடிவிட்டு, ஏழு மாசம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அப்புறம் பைபாஸ் ஓட்டல் ஒன்றில் பில் போடுகிற டச் ஸ்கிரீனைக் கழித்துப் போட்டார்கள். எடைக்கு வாங்கி வந்து ஹால் சுவரில் மாட்டி, பின்கட்டு சுவிட்ச் போர்டு வரை ஒயர் இழுத்துவிட்டேன்.

அதில் இருந்த பலகாரப் படங்களை மட்டும் என் அறிவுக்கு அழிக்கத் தெரியவில்லை. அதனாலென்ன? மெதுவடையை அழுத்தினால் மோட்டார். ரவா தோசையை அழுத்தினால் மாடி லைட்.

சும்மா அழுத்தினால் என் கெத்து என்னாவது? சர்வர் மாதிரி தெருவுக்கே கேட்கக் கத்திவிட்டுத்தான் அழுத்துவேன்.

"பாருங்க சார். ஒரு மெதுவடேய்ய்!"

டிங். பின்கட்டில் மோட்டார் ஓடியது.

"அட! இருங்க, நான் பின்னாடி போய் நிக்கறேன். நிறுத்திக் காட்டுங்க," என்று வல்லரசு எழுந்து போனார்.

"மெதுவடை கேன்சல்!"

டிங். மோட்டார் கொஞ்சம் யோசித்துவிட்டு நின்றது.

திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு மாதிரி சிரிப்பு.

"மெஷின் சூப்பர் சார். ஆனா எனக்குப் பத்து ரூமாச்சே. ரூமுக்கு ஒரு அக்காவுக்கு நான் எங்க போவேன்?"

ஒன்றும் புரியாமல் பின்கட்டுக்கு ஓடினேன். தேவகி மோட்டார் சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தாள். பக்கத்தில் ஸ்கிரீனிலிருந்து நான் இழுத்த ஒயர் இரண்டு துண்டாகத் தொங்கியது.

"எலி கடிச்சிடுச்சிங்க."

"எப்போ?"

"தீபாவளிக்கு."

இது மாசி மாசம். நாலு மாசமாகத் தெருவெல்லாம் கூட்டி வந்து நான் காட்டிய வித்தை இதுதானா?

"ஏண்டி சொல்லல?"

"ஏழு மாசம் வாயே தொறக்காம கெடந்தீங்க. அப்பத்தான் கத்த ஆரம்பிச்சிருந்தீங்க. அதப் போய் எப்டிங்க கெடுக்கறது?"

தொங்கிய ஒயர் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

ஹாலிலிருந்து வல்லரசு குரல் கொடுத்தார்: "எலி கடிக்காத ஒயராப் போட்டுக் குடுங்க சார், ஆர்டர் உங்களுக்குத்தான்! எங்க, நானும் ஒரு தபா பாக்கறேன். ஒரு ரவா தோசேய்ய்!"

டிங்.

தேவகியின் கை பழக்கத்தில் மாடி லைட் சுவிட்ச் பக்கம் போனது. அதைப் பிடித்து நிறுத்திவிட்டு, சுவிட்சை நான் போட்டேன்.