ஒரு விரல் உதவி

போட்டியில் ஜெயித்தால் மாடி அறை கணவனின் குட்டி ரயிலுக்கு. தோற்றால் மனைவியின் தையல் மிஷினுக்கு. அப்படிப் பேசி முடித்துவிட்டுத்தான் இருவரும் கிளம்பினார்கள்.

போட்டி நடந்த கூடத்தில், நீள மேஜை மேல் குறுகிய தண்டவாளங்கள் மேடேறின. மற்ற நீராவி என்ஜின்கள் எல்லாம் கோட்டைத் தாண்டிவிட்டன. அவனுடைய பல்சக்கர என்ஜின் மட்டும், மரக்கட்டை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு முனகியது.

"என்னங்க, எறும்புகூட முந்திடும் போலிருக்கே!"

"கொஞ்சம் சும்மா இரேன்."

அவன் நெற்றியில் வியர்வை வழிந்தது. ஒரு வருஷமாக அரத்தால் ராவி ராவிச் செய்த என்ஜின். அவளுக்கு மனசு கேட்கவில்லை. அறை போனால் போகட்டும் என்று, கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது பெட்டியை விரலால் தள்ளிவிட்டாள்.

நடுவர் விசில் ஊதினார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! இது மெதுவா ஓட்டுற போட்டி. நிக்காம, கை படாம, கடைசியா வர்றவருக்குத்தான் பரிசு."

அவள் கணவனிடம் திரும்பினாள். "இதை முன்னாடியே எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

அவன் தலை குனிந்துகொண்டான்.

"சொன்னா, ரூமுக்காக நீ வேணும்னே தள்ளிவிட்டுடுவியோன்னு பயந்துட்டேன்."