அவள் பார்க்கும் பக்கம்

பேச்சியம்மாவின் முகத்தை எங்கே வைப்பது என்று வடிவமைப்பாளர் இஸ்மாயிலுக்குப் பிடிபடவில்லை. காணாமல் போனவர்களுக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றி வார இதழில் வரப்போகும் கட்டுரை அது. புகைப்படத்தில் அவள் இடப்பக்கம் திரும்பித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் இருப்பவர் எங்கே பார்க்கிறாரோ, வாசகரின் கண்ணும் அங்கேதான் போகும். படம் பக்கத்தின் இடது ஓரத்தில் இருந்ததால் கண் தாளைத் தாண்டி வெளியே ஓடியது. வலப்பக்கம் இருந்த கட்டுரை தனியாகக் கிடந்தது. படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டு, சரிதானா என்று அவளுடைய செல்போனுக்கு அனுப்பினான். உடனே கூப்பிட்டாள்.

“தம்பி, மூக்குத்தி எடம் மாறிப்போச்சே! ஊருக்கெல்லாம் வலது மூக்குல குத்துனா ஒனக்கு மட்டும் எடதுல குத்திட்டாகளேன்னு எங்க வீட்டுக்காரவுக நெதமும் கேலி பண்ணுவாக. போயி ஒம்போது வருசம் ஆச்சு. எங்கயாச்சும் ஒரு டீக்கடையில இதைப் புரட்டுனாகன்னா, வேற யாரோன்னு தாண்டிப் போயிர மாட்டாகளா?”

இஸ்மாயில் படத்தைப் பழையபடி திருப்பினான். அதைப் பக்கத்தின் வலது ஓரத்துக்கு நகர்த்தி, கட்டுரை முழுவதையும் கீழே இறக்கினான். அவள் பார்க்கும் பக்கத்தில், ஓர் ஆள் நடந்து வரும் அகலத்துக்குத் தாளை வெறுமையாக விட்டான். இப்போது கண் அங்கே போய், சற்று நின்று, யாரையும் காணாமல் கீழே எழுத்துக்கு இறங்கியது.