மூவாயிரம் பேருக்குப் பின்னால் ஒரு மருமகன்

“அப்ப, எத்தினை பேர் செத்தால் எங்கடை மருமோனுக்கு முடி கிடைக்கும்?” அடுப்படியிலிருந்து கேட்டாள் கிளடிஸ்.

“ஒரு மூவாயிரம் பேர்தான்,” என்றார் அருள்நாயகம், ஏதோ மூன்று பேர் என்பதுபோல.

“இந்த வருசம் செத்தவையே போதும். விட்டிடுங்கோ.”

ஊரில் போர் முடிந்த அந்த வைகாசிக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை.

அந்த நாட்களில் ரொறன்ரோ நகர வீதியில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு, தெருப் பிள்ளைகள் எல்லாரும் பக்கத்து வீட்டு நவரட்ணத்தின் வான் வண்டியில்தான் போய்வந்தார்கள். அங்கேதான் ஒலிவர் என்ற வெள்ளைக்காரப் பையன், தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்து, குளிரில் விறைத்தபடி அருள்நாயகத்தின் மகள் மெலிசாவுக்குப் பக்கத்தில் பதாகை பிடித்தான். பதாகையில் தொடங்கியது பெண் கேட்பதில் வந்து நின்றது.

“கத்தோலிக்கனா மாறட்டும். பிறகு கதைப்பம்,” என்று அருள்நாயகம் ஒரே போடாகப் போட்டார்.

அதோடு விட்டாரா? வெள்ளையனென்றாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதானே. முறைப்படி குடும்பத்தை விசாரிக்காமல் யாழ்ப்பாணத்தில் எவன் பெண் கொடுத்தான்? லண்டனில் இருந்த மச்சான் அகஸ்ரினிடம் பொறுப்பை ஒப்படைத்தார். அகஸ்ரின் மாதக்கணக்கில் தோண்டித் துருவி, போன கிழமை போன் எடுத்தான்.

“அத்தான், பெடியன் ராசவம்சம். இங்கிலாந்து முடிக்கு வரிசையிலை நிக்கிறான்.”

அன்றிலிருந்து அருள்நாயகத்தின் கால் தரையில் பாவவில்லை. மார்க்கம் தொடக்கம் ஒஷாவா வரை அவர் ஏறாத தமிழ்க்கடை இல்லை. மீன்கடையில் மூவாயிரமாவது ஆளாக நின்ற மருமகன், சாப்பாட்டுக் கடைக்கு வருவதற்குள் முந்நூறுக்கு ஏறிவிட்டான். முடிவெட்டும் கடைக் கதிரையில் அருள்நாயகம் சாய்ந்தபோது அவனுக்கு முன்னால் முப்பது பேர்கூட இல்லை.

கதை நவரட்ணத்தின் காதுக்கும் போனது. நவரட்ணம் இணுவில்காரர், பழுத்த சைவம், இருபது வருடமாக அருள்நாயகத்தோடு எதிலும் ஒத்துப்போகாத சிநேகிதர். பனிச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“உந்த வரிசை எப்பிடிப் போகுதெண்டு தெரியுமோ, அருள்?”

“தெரியாமல்? மூத்த மகன், அவன்ரை பிள்ளையள், பேரப்பிள்ளையள். அந்தக் கிளை முழுக்க முடிஞ்சால்தான் அடுத்த மகன். மூத்தது பெட்டையெண்டாலும் தம்பிமாருக்குப் பின்னாலைதான்.”

“அது சரி. வரிசையிலை நிக்கிற ஆள் ஒரு கத்தோலிக்கப் பெட்டையைக் கட்டினால்?”

“கட்டினால்?”

“பேர் வெட்டு. முந்நூறு வருசச் சட்டம். கத்தோலிக்கனா மாறினாலும் வெட்டு. ஒரு நாள் மாறிப்போட்டுத் திரும்பி வந்தாலும் வெட்டு வெட்டுத்தான்.”

அருள்நாயகம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். “அப்ப ஆரைத்தான் கட்டலாம்?”

“முஸ்லிமைக் கட்டலாம், யூதரைக் கட்டலாம், கடவுளே இல்லையெண்டு சொல்லுறவையையும் கட்டலாம். பாப்பரசற்றை ஆக்கள்தான் கூடாது.” நவரட்ணம் அவர் தோளைத் தட்டினார். “பாவம் அருள் நீர்.”

இரண்டு நாள் அருள்நாயகம் வீட்டுக்குள் உலாத்தினார். மகளின் கழுத்தில் ஏறும் தாலி, மருமகனின் தலையில் ஏறவேண்டிய மகுடத்தைத் தட்டி விழுத்துவதா?

“கிளடிஸ், மெலிசா அங்கிலிக்கனா, இங்கிலாந்துத் திருச்சபைக்கு மாறட்டும்.”

கிளடிஸின் அகப்பை அந்தரத்தில் நின்றது. “செபமாலை சொல்லாமல் சோத்திலை கைவைக்க விடாத மனிசன் கதைக்கிற கதையோ இது?”

“அங்கையும் யேசுதானே. மாதாவும் ஒரு மூலையிலை நிப்பா.”

ஞாயிற்றுக்கிழமை ஒலிவர் விட்பியிலிருந்து வந்தான். அருள்நாயகம் கோட்டுப் போட்டு ரை கட்டி, அரசசபையில் நிற்பதுபோல் நின்றார்.

“தம்பி, நீர் மாறத் தேவையில்லை. என்ரை நிபந்தனையை நான் திருப்பி எடுக்கிறன். மெலிசா உங்கடை பக்கம் வருவா. உம்மடை இடத்திலை நீர் நில்லும்.”

மெலிசா தகப்பனை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்பா, சீரியஸாவோ சொல்லுறீங்கள்?”

ஒலிவர் சிரித்துக்கொண்டே சட்டைக்குள்ளிருந்து ஒரு சங்கிலியை வெளியே எடுத்தான். அதில் மாதா பதக்கம் தொங்கியது.

“போன ஞாயிறே இவரை எங்கடை சபையிலை சேர்த்திட்டினம், அப்பா. நீங்கள் கேட்டதெண்டு அஞ்சு மாசமா மறைக்கல்வி படிச்சவர். உங்களுக்கு கிறிஸ்மஸ் சர்ப்ரைஸா வைச்சிருந்தம்.”

அருள்நாயகம் சோபாவில் பொத்தென்று விழுந்தார். மூவாயிரம் பேர் வரிசையில் ஒரு தலை மட்டும் மறைய, பின்னால் நின்றவர்களெல்லாம் ஓரடி முன்னே வருவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

“அப்ப இவற்றை இடம்?”

“இவற்றை தம்பி எட்வினுக்கு. அவரும் தமிழ்ப் பெட்டையைத்தான் கட்டப் போறார். ஆனா அவள் சைவம். அதுக்குச் சட்டம் ஒண்டும் சொல்லாதாம்.”

“உந்தச் சட்டத்தை ஆர் பிள்ளை உங்களுக்குச் சொன்னது?”

வாசல் மணி அடித்தது. கிளடிஸ் கதவைத் திறந்தாள்.

ரை கட்டி, கையில் பலகாரத் தட்டோடு நின்ற நவரட்ணம் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்: “என்ரை மருமோன்ரை தமையன் வந்திட்டாரோ, தங்கச்சி?”