பக்கத்து வீட்டுத் தறி

"தொம்!"

சுவர் அதிர்ந்தது. யசோதா கையிலிருந்த சரித்திரப் புத்தகம் மடியில் விழுந்தது.

பொழுது இன்னும் முழுசாக விடியவில்லை. பக்கத்து வீட்டுத் தறி நின்றிருந்தது. அவள் படிக்க உட்கார்ந்தால் போதும், அந்தத் தறி நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் சுவரில் இடி விழும்.

"பாத்தியா! தமிழு காதுல வுழுந்தா அந்த ஆளுக்குப் பத்திக்கினு எரியுது" என்றார் அவள் அப்பா தணிகாசலம், தன் தறியை நிறுத்தாமலே. "நீ வுடாத. இன்னும் சத்தமாப் படி!"

யசோதாவுக்கும் ரோஷம் வந்தது. எந்த வரியில் இடி விழுந்ததோ, அதே வரியிலிருந்து தொண்டை கிழிய ஆரம்பித்தாள். "மூன்றாம் பானிபட் போரின் விளைவுகள்..."

இந்தப் பானிபட்டில்தான் அடிக்கடி இடி விழும். அவளும் விடாமல் திருப்பிப் படிப்பாள்.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா தெலுங்குக்காரர். ஆந்திரா தனி ராஜ்யமாகி, நகரியும் அதோடு போனதிலிருந்து ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது. நகரி மதராசோடு சேர வேண்டும் என்ற மனுவில் தணிகாசலம் கைநாட்டு வைத்தார். கூடாது என்ற மனுவில் கிருஷ்ணப்பா வைத்தார். அத்தோடு பேச்சு முறிந்தது. எல்லையை எங்கே போடுவது என்று சர்க்கார் முடிவு செய்வதற்குள், இவர்கள் இருவரும் நடுச்சுவரிலேயே போட்டுக்கொண்டார்கள்.

தணிகாசலத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் படிக்கிறாள் என்பதற்கு அவருக்கு இருந்த ஒரே அத்தாட்சி அவள் குரல்தான். தறிச் சத்தத்தையும் மீறி அது அவர் காதில் விழ வேண்டும்.

"எஸ்.எஸ்.எல்.சி. தேறினா சித்தூருக்கு டீச்சர் ட்ரெயினிங் அனுப்பறேன். தேறலைன்னா தடா ஊர்ல உங்க மாமன் ரெடியாக் கீறான்" என்று சொல்லியிருந்தார்.

முன்மண்டையில் முடியில்லாத அந்த மாமனை நினைத்தாலே யசோதா புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவாள்.

ஒருநாள் இடி பலமாக விழுந்தது. தணிகாசலம் தறியை விட்டு எழுந்து மூங்கில் தடியைக் கையில் எடுத்துவிட்டார். யசோதா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் நைனா. நான் இனிமே மனசுக்குள்ளயே படிச்சிக்கிறேன்."

"மனசுக்குள்ள படிச்சா நீ படிக்கிறன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"சத்தியமாப் படிப்பேன் நைனா."

அன்றிலிருந்து சுவர் அமைதியானது. ஆனால் படிப்பு ஏறவில்லை. கண் வரிமேல் ஓடும், மனசு தடாவுக்கு நடந்துபோகும். பாதி நாள் புத்தகத்தின் மேலேயே தூங்கி வழிந்தாள்.

அரையாண்டுப் பரீட்சைத் தாளை உமாபதி வாத்தியார் மேஜைமேல் வீசிப் போட்டார்.

"என்னம்மா இது? பானிபட்டை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாம எழுதியிருக்க. மத்த எல்லாத்தையும் கோட்டை விட்டுட்ட. இப்படியே போனா மார்ச்சுல நீ தேறமாட்ட."

வீட்டுக்கு வந்து அழுதாள். தணிகாசலம் முழுசாகக்கூடக் கேட்கவில்லை. மூங்கில் தடி மறுபடி கைக்கு வந்துவிட்டது.

"எம் பொண்ணு வாயை அடைச்சவனை இன்னிக்கு வுடப்போறதில்ல!"

யசோதா பின்னாலேயே ஓடினாள். அதற்குள் அவர் பக்கத்து வீட்டுக் கதவை எட்டி உதைத்துவிட்டார். கதவு திறந்துகொண்டது.

"வெளில வாடா கிருஷ்ணப்பா! ஒரு பொண்ணு படிக்கிறது பொறுக்கல, நீயெல்லாம் ஒரு மனுசனா?"

கிருஷ்ணப்பா வாசலுக்கு வந்தார். தடியைப் பார்த்தார்.

உள்ளே நடுச்சுவரில் சாய்ந்து அவர் மகள் வெங்கடலட்சுமி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தெலுங்கு வீட்டுப் பெண்தான், ஆனால் யசோதாவின் தமிழ்ப் பள்ளியிலேயே ஒரு வகுப்பு மேலே படித்தவள். போன வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறினாள். அதே சமயம் அம்மா வாதம் வந்து படுக்கையில் விழ, படிப்பு அதோடு நின்றது என்றுதான் தெருவே நினைத்திருந்தது.

வாசலில் நடந்த ரகளை அவள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. கை ராட்டையைச் சுற்ற, வாய் முணுமுணுத்தது.

"மூன்றாம் பானிபட் போரின் விளைவுகள். ஒன்று..."

யசோதாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னுடைய அதே இழுவை. மூச்சு வாங்கும் இடம்கூட அதேதான்.

கிருஷ்ணப்பா யசோதாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா பாப்பா, படிக்கிறத ஏன் நிறுத்திட்ட? அதுக்கப்புறம் இவளுக்கு ஒண்ணும் ஏறல. இவளும் மார்ச்சுல ப்ரைவேட்டா எழுதறா. கை ராட்டையில இருந்தா புஸ்தகத்தை எப்பிடிப் புடிக்கிறது? உன் குரலைக் கேட்டுத்தான் படிச்சிக்கினு இருந்தா."

"அப்ப சுவத்துல தட்டினது?" என்றாள் யசோதா.

"நீ படிக்க ஆரம்பிச்சதும் எங்க தறிய நிறுத்திடுவேன். அப்பவும் உங்க நைனா தறிச் சத்தத்துல ரெண்டு வரி முழுகிப்பூடும். இன்னொரு தபா படிம்மான்னு வாய்விட்டுக் கேக்கலாம்னா..." கிருஷ்ணப்பா தணிகாசலத்தைப் பார்த்தார். "எங்களுக்குள்ள பேச்சுதான் இல்லியே. அதான் தட்டினேன்."

தணிகாசலத்தின் தடி கீழே இறங்கியது. தறி நின்றால் அடுப்பும் நிற்கும் என்பது ஒரு தறிக்காரருக்குத் தெரியாததா? அவரும்தான் மகள் படிக்க வேண்டும் என்று துடித்தார். ஒருநாளும் தன் தறியை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதில்லை. வெட்கத்தில் அவரால் நிமிர முடியவில்லை.

மறுநாள் விடியற்காலையில் யசோதா புத்தகத்தோடு சுவரோரம் உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். சுவருக்கு இரண்டு பக்கமும் தறி ஓடவில்லை.